களை என்று நீக்கச் சொன்ன உச்சிகள்

எங்கள் ஆய்வுகூடத் தலைவர் என்னிடம் முதன்முதலாகச் சிரித்துக் கதைத்தது ஒரு வரைபடத்தைப் பார்த்துத்தான்.

"உதென்ன பிள்ளை, அடியில முழுக்கப் புல்லு முளைச்சிருக்கு?"

அடிக்கோட்டுக்குச் சற்று மேலே, கவனித்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற பத்துப் பன்னிரண்டு சிறிய உச்சிகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"களை பிடுங்கிப்போட்டுக் கொண்டு வாரும். களை பிடுங்க உங்கட ஆக்களுக்கு நான் சொல்லித் தரோணுமே?"

அறையில் மூன்று பேர் இருந்தோம். அவர் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். ஆய்வுகூட உதவியாளரான முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு குடுவைகளைக் கழுவினார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவரை மன்னிப்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அவர் "உங்கட ஆக்கள்" என்றது தோட்டத்து ஆட்களை. நான் எல்கடுவயில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில், பிறந்தவள். எனக்கு எட்டு வயதாகும்போது அப்பாவுக்கு மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில் ஒரு கடையில் வேலை கிடைத்து, ரயில் பாதைக்குப் பக்கத்தில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். தலைவரும் மாத்தளையில் பிறந்தவர்தான். அவருடைய தகப்பனார் வடக்கிலிருந்து அரசாங்க உத்தியோகமாக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். இரண்டு பேரும் ஒரே நகரத்தை, ஒரே பஸ் நிலையத்தைச் சுற்றி வளர்ந்திருக்கிறோம். இருந்தாலும் நான் வாயைத் திறந்த முதல் நாளே, "நீர் எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். எந்த ஊர் என்று கேட்கவில்லை.

நாங்கள் வேலை செய்வது நகரத்துக்கு வெளியே இருக்கும் ஒரு தொழிற்சாலையில். பீங்கானுக்கும் தரை ஓடுகளுக்கும் பூசும் நிறப்பொடிகள் அங்கே தயாராகின்றன. வரும் மூலப்பொருள் சரியானதா என்று பார்க்க ஒரு பழைய எக்ஸ்-கதிர் இயந்திரம் உண்டு. பொடியைத் தட்டில் அமர்த்திக் கதிரைப் பாய்ச்சினால், அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் இடைவெளிகளுக்கு ஏற்ப அது சில கோணங்களில் மட்டும் பலமாகத் திரும்பி வரும். அதை இயந்திரம் ஒரு கோடாக வரைந்து தரும். கோட்டில் எழும் ஒவ்வோர் உச்சியும் பொடிக்குள் இருக்கும் ஓர் இடைவெளியைச் சொல்கிறது.

நான் அங்கே தரப் பரிசோதனை உத்தியோகத்தர். வேலை செய்துகொண்டே பல்கலைக்கழகத்தில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். இயந்திரம் தொழிற்சாலையுடையது என்பதால் ஆய்வுகூடத் தலைவரே எனக்கு இணை மேற்பார்வையாளர். இரண்டாவது வருட முடிவில் ஒரு குழு என் வேலையைப் பார்க்கும். பார்த்துவிட்டுத் தொடரலாம் என்று சொல்லும், இல்லாவிட்டால் பதிவை ரத்துச் செய்யும். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது முடிவு விதிக்கோவையில் இல்லை. ரத்தானால் இரண்டு வருடமும் போனது போனதுதான். மறுபடி பதிய எனக்கு வழி இருக்கவில்லை.

நான் ஆராய்ந்தது சிர்க்கோனியமும் நயோபியமும் சேர்ந்த ஓர் ஒட்சைட்டு. வெள்ளைப் பொடி. பார்ப்பதற்குக் கோதுமை மாவுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அதன் கட்டமைப்பைச் சொல்வதற்கு எங்கள் லயத்தைவிடச் சரியான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எல்கடுவ லயத்தில் பத்துக் காம்பராக்கள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. எல்லாம் ஒரே அகலம். கூரைத் தகரங்களும் எல்லாம் ஒரே அகலம். ஆனால் தகரத்தின் அகலமும் காம்பராவின் அகலமும் ஒன்றோடொன்று பொருந்தாது. எங்கள் காம்பராவில் இரண்டு தகரம் சேரும் இடம் அடுப்புக்கு மேலே வந்தது. பக்கத்துக் காம்பராவில் கட்டிலுக்கு மேலே. அதற்கு அடுத்ததில் கதவுக்கு மேலே. மழை பெய்தால் ஒவ்வொரு வீடும் வேறொரு இடத்தில் ஒழுகும். கீழே நின்று சுவர்களை மட்டும் பார்ப்பவருக்குப் பத்தும் ஒன்றுபோலத்தான். ஒழுகும் இடங்களை வரிசையாகக் குறித்தால் அங்கே இன்னோர் ஒழுங்கு இருப்பது தெரியும். அது தகரத்தின் ஒழுங்கு. அது காம்பராக்களின் ஒழுங்கோடு எங்கேயும் முழுதாகச் சேர்வதில்லை.

என் பொடியில் உலோக அணுக்கள் காம்பராக்கள், ஒட்சிசன் அணுக்கள் தகரங்கள். இரண்டின் இடைவெளியும் பொருந்தாததால் ஒவ்வோர் அணுவும் தன் இடத்திலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது. அந்த விலகல் ஓர் அலையைப்போலப் பளிங்குப் படிகம் முழுவதும் ஓடுகிறது. இதைப் பண்பேற்றப்பட்ட கட்டமைப்பு என்பார்கள். வரைபடத்தின் பெரிய உச்சிகள் காம்பராக்களிடமிருந்து வருபவை. அவர் களை என்ற சின்ன உச்சிகள் அந்த அலையிடமிருந்து வருபவை. அவற்றை நீக்கினால் மிஞ்சுவது ஒழுகாத லயம். அப்படி ஒரு லயத்தை நான் பார்த்ததில்லை.

அவருடைய பதில் ஒரே சொல். "அழுக்கு."

பொடியில் வேறு பொருள் கலந்தாலும் சிறிய உச்சிகள் வரும் என்பது உண்மை. ஆனால் இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. சிர்க்கோனியத்தின் அளவைக் கூட்டிக்கொண்டு போனால் ஒட்சிசனின் இடைவெளியும் படிப்படியாக மாறும். தகரத்தின் அகலம் மாறுகிற மாதிரி. அப்போது அலையின் உச்சிகள் நகர வேண்டும். அழுக்கின் உச்சிகள் நகராது. அழுக்குக்கு நான் எவ்வளவு சிர்க்கோனியம் சேர்த்தேன் என்பது தெரியாது.

அதனால் ஏழு மாதிரிகள் செய்யத் திட்டமிட்டேன். சிர்க்கோனியம் ஒவ்வொன்றிலும் முந்தியதைவிடக் கொஞ்சம் அதிகம். முதல் நான்கையும் மாசி, பங்குனி வெயிலில் செய்தேன். உச்சிகள் நகர்ந்தன. நான்கு புள்ளிகளும் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல நேர்கோட்டில் விழுந்தன. அவரிடம் காட்டினேன். "நாலு புள்ளியில எதையும் கீறலாம்," என்றார். பிறகு பல மாதம் தொழிற்சாலை வேலைகள் குவிந்தன. உலை எனக்குக் கிடைக்கவில்லை. கடைசி மூன்றையும் செய்யும்போது மார்கழி வந்துவிட்டது. மழை விடவே இல்லை.

மாத்தளையில் மார்கழி என்றால் மிளகு பறித்துக் குவித்திருக்கும், காய வைக்க வெயில் இருக்காது. கராம்பும் அதே நேரத்தில் வரும். ஈரத்தோடு இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். எங்கள் ஆய்வுகூடத்தில் பொடிகளை உலர்த்தும் ஓர் ஓவன் இருக்கிறது. மூன்று தட்டு. நான் வேலைக்குச் சேர முந்தியே அந்த ஓவன் மழைக்காலத்தில் மிளகு காய வைக்கும் ஓவனாக ஆகிவிட்டிருந்தது. யாருக்கு எந்தத் தட்டு, எத்தனை நாள் என்று முறை பார்ப்பது ராத்தா. சூட்டைக் குறைத்து வைப்பது, இரண்டு மணிக்கொரு தடவை கிளறிவிடுவது எல்லாம் அவர்தான். மேல் இரண்டு தட்டும் எப்போதும் தலைவருடைய வீட்டுத் தோட்டத்து மிளகு. அவருக்கு முறை கிடையாது. மிஞ்சும் கீழ்த் தட்டுக்குத்தான் மற்ற எல்லாரும் வரிசை.

ஓவனுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒரு கடுதாசி ஒட்டியிருக்கும். சிர்க்கோனியம் ஒட்சைட்டு நுண்பொடி காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். நிறுப்பதற்கு முன் ஒரு நாள் முழுதாக உலர்த்த வேண்டும். கையெழுத்து தலைவருடையது.

கடைசி மூன்று மாதிரிகளையும் செய்த மூன்று நாளும் நான் என்ன செய்தேன் என்பது என் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. எதையும் வரிசையாக எழுதி வைக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு. ஐந்தாம் மாதிரிக்கு: "ஓவன் – மிளகு, சேர். கீழ்த் தட்டு – கராம்பு, வீடு. பொடி உலர்த்தவில்லை." ஆறுக்கும் ஏழுக்கும் அதேதான். சேர் என்று நாங்கள் கூப்பிடுவது தலைவரை.

கீழ்த் தட்டில் இருந்தது எங்கள் வீட்டுக் கராம்பு. வாடகை வீட்டின் பின்னால் நிற்கும் ஒற்றை மரம். அம்மா ஒரு பையில் கட்டித் தந்துவிட்டிருந்தார். "அந்த ராத்தாக்கிட்ட குடு. போன வருசம் மாதிரி கருக விட்டுடாதீங்கன்னு சொல்லு." நான் கொடுத்தேன், சொன்னேன். ராத்தா, "ஒங்க உம்மாட கராம்ப நான் கருக்கினதா? கொண்டு வரக்குள்ளயே அது கருப்பு," என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு ஈரப் பொடியை அப்படியே தராசில் போட்டு நிறுத்தேன். கொஞ்ச ஈரம் என்ன செய்யும் என்று நினைத்தேன்.

கடைசி மூன்று மாதிரிகளின் உச்சிகளும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றுவிட்டன. கோடு நேராக ஏறிப்போய், ஐந்தாம் புள்ளியில் மடங்கிப் படுத்துவிட்டது.

தலைவர் அந்த வரைபடத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அன்றுதான் அவர் இரண்டாம் தடவை சிரித்தது.

"அழுக்கு நகராது எண்டு நீர்தானே சொன்னது? பாரும். நிண்டிட்டுது."

"முதல் நாலும் நகர்ந்திச்சே சேர்."

"முதல் நாலும் உம்மட ஆசை. கடைசி மூண்டும் உண்மை." வரைபடத்தை மேசையில் போட்டார். "இந்த அலைக் கதை, லயக் கதை எல்லாத்தையும் விடும். பெரிய உச்சியளை மட்டும் வைச்சு, சாதாரணக் கட்டமைப்பு எண்டு எழுதும். சின்னதுகளைக் களைஞ்சு போடும். அப்பிடியெண்டால் கையெழுத்து வைக்கிறன். இல்லையெண்டால் குழுவில நான் நினைக்கிறதைச் சொல்லுவன்."

"அப்படி எழுதினா அதுல புதுசா ஒண்ணும் இல்லையே சேர். குழு ரத்துப் பண்ணிடுவாங்களே."

"அது உம்மட பிரச்சினை."

குழு கூட மூன்று வாரம் இருந்தது. முதல் வாரம் முழுவதும் நான் அவரை வெறுப்பதில் கழித்தேன். அதையும் ஒழுங்காகவே செய்தேன். அவர் சொன்ன ஒவ்வொரு பகிடியையும், எந்த நாள், யார் முன்னால் என்று ஒரு தாளில் எழுதினேன். தாள் நிறைந்தபோது அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது விளங்கியது. பிறகுதான் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, முதல் நான்கு மாதிரிக்கும் கடைசி மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று வரி வரியாக ஒப்பிட்டேன். உலை அதே உலை. உரல் அதே உரல். தராசு அதே தராசு. பொடியும் அதே தகரப் பேணியிலிருந்து எடுத்தது. உலர்த்தியதா இல்லையா என்ற ஒரு வரி மட்டும் வேறு.

சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது பேணியிலிருந்து ஒரு கரண்டி பொடி எடுத்து நிறுத்தேன். உலையில் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி நிறுத்தேன். எடை குறைந்திருந்தது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே குறைந்திருந்தது. சிர்க்கோனியம் என்று நான் நிறுத்ததில் ஒரு பங்கு தண்ணீர். மாதிரி ஏற ஏற நான் சிர்க்கோனியத்தைக் கூட்டினேன் என்று நினைத்திருந்தேன். மழை ஏற ஏற பொடியில் ஈரமும் ஏறியிருக்கிறது. நான் கூட்டியதை ஈரம் தின்றுவிட்டது. மூன்று மாதிரியிலும் சிர்க்கோனியம் கிட்டத்தட்ட ஒரே அளவு. அதனால்தான் உச்சிகள் ஒரே இடத்தில் நின்றிருக்கின்றன.

நான் பொய் எழுதியிருந்தேன், உச்சிகள் சரியாகச் சொல்லியிருந்தன. ஈரத்துக்குக் கழித்துக் கணக்கிட்டபோது மூன்று புள்ளிகளும் இடப்பக்கம் நகர்ந்து அந்தப் பழைய நேர்கோட்டின்மேல் போய் உட்கார்ந்தன. கழித்த அளவு உத்தேசம்தான். அந்த மூன்று நாளின் ஈரத்தை இப்போது யாராலும் அளக்க முடியாது. அதனால் மூன்றையும் மறுபடி செய்ய வேண்டும். அதற்கு உலை வேண்டும். உலைக்கு அவர் கையெழுத்து வேண்டும்.

வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தாளு மிளகுனாலதான் ஒன் வேல கெட்டுப்போச்சுன்னு சொல்லப் போறியா?"

"நம்ம கராம்பும்தாம்மா."

"அத எதுக்குச் சொல்ற? கீழ்த் தட்டுல என்னா இருந்திச்சின்னு எவன் கேக்கப் போறான்?"

"புத்தகத்துல எழுதியிருக்கேன்."

"எழுதுனவதான நீ. அந்தப் பக்கத்த காட்டாத."

"மிளகும் அதே பக்கத்துலதாம்மா இருக்கு."

அம்மா இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்தார். பிறகு, "ஒன்னப் படிக்க வச்சது இதுக்குத்தான்," என்றார். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை தலைவரின் அறைக்குப் போனேன். கடைசி மூன்றையும் திரும்பச் செய்ய வேண்டும், உலை மூன்று நாளைக்கு வேண்டும் என்றேன்.

"ஏன்?"

"பொடியில ஈரம் இருந்திருக்கு சேர். உலர்த்தாம நிறுத்துட்டேன்."

"சுவரில பெரிசா எழுதி ஒட்டியிருக்கு. வாசிக்கத் தெரியாதோ?"

"ஓவன்ல இடம் இல்ல சேர்."

"இடம் இல்லையெண்டால்?"

"மிளகு இருந்திச்சு சேர்."

பேனாவின் மூடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். "ஆற்ற மிளகு?"

"உங்க மிளகு. கீழ்த் தட்டுல எங்க வீட்டுக் கராம்பு."

"அப்ப உம்மட கராம்பை எடுத்து வெளியில வைச்சிட்டு உம்மட பொடியை வைச்சிருக்கலாமே. பொடிக்குக் கீழ்த் தட்டே போதும்தானே? நீர் பஞ்சிப்பட்டு, சோம்பலில நிறுத்துப்போட்டு என்ர மிளகில பழி போடுறீர்."

அவர் சொன்னதில் பாதி சரி. பொடி உலர மிளகுக்குரிய மெல்லிய சூடு போதாது, கூட்டினால் மேல் இரண்டு தட்டு மிளகும் கருகும் என்பது மற்றப் பாதி. போன வருடம் ராத்தா தெரியாமல் சூட்டைக் கூட்டியதற்குத் தலைவரிடம் வாங்கிய ஏச்சு தொழிற்சாலை வாசல்வரை கேட்டது. ஆனாலும் நான் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தச் சரியான பாதிதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது.

"உலை தர ஏலாது. தொழிற்சாலை ஓடர் கிடக்கு," என்றார். "குழுவில போய் உந்த மிளகுக் கதையைச் சொல்லிப் பாரும். நல்லாச் சிரிப்பினம்."

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஒரு பெண் பேராசிரியர், சிங்களவர். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. தலைவர் எனக்கு முன்னாலேயே வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டு மற்ற இருவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குள் பழைய பழக்கம் இருந்தது. நான் பேசத் தொடங்கினேன். காம்பராவையும் தகரத்தையும் படமாகக் கீறிக் காட்டினேன். தலைவர் மேசையைப் பார்த்துச் சிரித்தார். ஏழு புள்ளிகளையும் காட்டினேன். மடங்கிய கோட்டை மறைக்கவில்லை.

அவருடைய முறை வந்தபோது, மாணவி கெட்டிக்காரிதான், ஆனால் அழுக்குக்கும் கட்டமைப்புக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை, கடைசி மூன்று புள்ளிகளே சாட்சி, இதைத் தொடர்வதில் அர்த்தம் இருப்பதாகத் தான் நினைக்கவில்லை என்றார். குரலை உயர்த்தவே இல்லை. என்னைப் பாதுகாக்கிறவர் மாதிரிச் சொன்னார்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "கடைசி மூன்றும் ஏன் நிற்கின்றன?"

"பொடி ஈரமாக இருந்தது. உலர்த்தவில்லை."

"ஏன்?"

"ஓவனில் வேறு பொருட்கள் இருந்தன."

"என்ன பொருட்கள்?"

தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார். நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, பக்கத்தை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன். "மிளகும் கராம்பும். மிளகு ஆய்வுகூடத் தலைவருடையது. கராம்பு என் அம்மாவுடையது."

வலப்பக்கம் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். அவரும் மாத்தளைப் பக்கத்து ஆள்தான், மழைக்கால மிளகின் பாடு தெரிந்தவர் என்று பிறகு தெரிந்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. திகதிகளைப் பார்த்தார், பக்கத்தைத் திருப்பினார், முதல் நான்கு மாதிரிகளின் திகதிகளையும் பார்த்தார். நான் உலையில் வைத்து ஈரத்தை அளந்ததைச் சொன்னேன். திருத்திய கோட்டைக் காட்டினேன். பிறகு, அன்றுவரை மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். பொடிக்குள் தண்ணீர் இருந்தது எனக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியாது. இந்த உச்சிகள் மட்டும் உள்ளே உண்மையாக இருந்த சிர்க்கோனியத்தின் அளவுக்குத்தான் நின்றிருக்கின்றன. அழுக்கு என்றால் அதற்கு இது எப்படித் தெரியும்?

தலைவர், "அது உத்தேசக் கணக்கு," என்றார்.

"ஆமாம், உத்தேசம்தான்," என்று நான் சொன்னேன். "மூன்றையும் திரும்பச் செய்ய அனுமதி கேட்கிறேன்."

பேராசிரியர் விதிக்கோவையில் இல்லாத மூன்றாவது முடிவைச் சொன்னார். ஒரு மாதம். பல்கலைக்கழகத்து உலை, பல்கலைக்கழகத்து இயந்திரம். கோட்டில் விழுந்தால் தொடரலாம், விழாவிட்டால் ரத்து.

வெளியே படியில் தலைவர் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டே, திரும்பாமல், "என்ர மிளகை ஊருக்கெல்லாம் வித்துப்போட்டீர்," என்றார். பிறகு காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பாதை. நான் பஸ்ஸில் போனேன்.

அந்த மாதம் நான் எடுத்த லீவுகளுக்கெல்லாம் அவர் காரணம் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். பொடியை ஒரு நாளுக்குப் பதிலாக இரண்டு நாள் உலர்த்தினேன். நிறுத்தேன், அரைத்தேன், அழுத்தினேன், சுட்டேன். முதல் மாதிரியின் வரைபடம் வந்தபோது சின்ன உச்சிகள் எங்கே வரவேண்டும் என்று பென்சிலால் முன்கூட்டியே குறித்து வைத்திருந்தேன். பென்சில் கோட்டின்மேல் அவை எழுந்தன. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் விலகியது, ஆனால் பிழை எல்லைக்குள். குழுவின் கடிதம் ஒரு வாரத்தில் வந்தது. பதிவு தொடர்கிறது. அதோடு இருந்த படிவத்தில் இணை மேற்பார்வையாளரை மாற்ற விரும்புகிறீர்களா என்று ஒரு கட்டம். ஆம் என்று அடையாளமிட்டேன். காரணம் எழுத இடம் விட்டிருந்தார்கள். நான் எழுதவில்லை. குழுவின் அறிக்கையில் அது ஏற்கெனவே இருந்தது.

அந்த அறிக்கையின் ஒரு பிரதி தொழிற்சாலைக்கும் போகும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

தொழிற்சாலையை நடத்தும் முகாமையாளர் சிங்களவர், ஒழுங்கானவர். ஆய்வுகூட ஓவனில் உணவுப் பொருள் வைத்தது யாருடைய பொறுப்பு என்று தலைவரிடம் எழுத்தில் கேட்டார். தலைவர் எழுத்தில் பதில் கொடுத்தார். ஓவன் ஆய்வுகூட உதவியாளரின் பொறுப்பில் உள்ளது. இரண்டு நாளில் ராத்தாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

நான் ராத்தாவைத் தேடிப் போனபோது அவர் ஓவனைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று தட்டும் காலி.

"ராத்தா, எனக்குத் தெரியாது, இப்பிடி வரும்னு."

"ஒங்களுக்குத் தெரியாம எப்பிடி? எல்லாம் எழுதி வெக்கிறீங்களே."

"ஓவன் ஒங்க பொறுப்புன்னு நான் எங்கயும் எழுதல."

"மொறை பாத்தது நான். கெளறினது நான். சூடு கொறச்சது நான். ஒங்க புத்தகத்தில அது ஈக்கா? இல்ல. சேர்ட மெளகு ஈக்கி, ஒங்க உம்மாட கராம்பு ஈக்கி. நான் இல்ல." துணியைப் பிழிந்தார். "இருந்திருந்தாச் சரி. கெளறச் சொன்னது யாருண்டும் அதில இருந்திருக்கும்."

குழுவுக்குப் போகுமுன் நான் ஒரு பட்டியல் போட்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் யாருக்கு என்ன நடக்கும் என்று. நான், அம்மா, தலைவர். அதோடு முடித்திருந்தேன். அம்மாவுக்குக்கூட ஒரு வரி ஒதுக்கியவள், தினமும் எனக்குப் பக்கத்தில் நின்று குடுவை கழுவிய மனுஷிக்கு ஒரு வரி ஒதுக்கவில்லை. தலைவர் என்னைப் பார்த்தபோது தோட்டத்தைப் பார்த்தார். நான் ராத்தாவைப் பார்த்தபோது ஒன்றையும் பார்க்கவில்லை. இதைச் சொல்வதால் தலைவர்மேல் எனக்குள்ள கோபம் குறைந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். கூடியிருக்கிறது.

குறிப்புப் புத்தகத்தோடு முகாமையாளரிடம் போனேன். மேல் இரண்டு தட்டும் பல வருடமாக யாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தன, கீழ்த் தட்டை நானும் பயன்படுத்தினேன், ராத்தா சொன்னதைச் செய்தவர் மட்டும்தான் என்று சிங்களத்தில் சொல்லி, எழுத்திலும் கொடுத்தேன். எனக்கும் அதேபோல ஓர் எச்சரிக்கைக் கடிதம் தரச் சொல்லிக் கேட்டேன். அவர் முழுவதையும் வாசித்தார். "கொடுத்த கடிதத்தைத் திரும்ப எடுக்கும் முறை எங்களிடம் இல்லை," என்றார். எனக்குக் கடிதம் தந்தார். தலைவருக்கு ஒன்றும் போகவில்லை, அவரை அழைத்துக் கதைத்ததாக மட்டும் கேள்வி.

இப்போது ராத்தா பொதியிடும் பிரிவில் இருக்கிறார். அவரே கேட்டு மாறிப் போனார். ஆய்வுகூடத்தில் தலைவரும் நானும் மட்டும். காலை வணக்கம் சொல்வதில்லை. மாதிரிகளையும் அறிக்கைகளையும் மேசையில் வைத்துவிட்டு நகர்கிறோம். போன வாரம் வெளியிலிருந்து வந்து, வெற்றிலை போடப் பையைத் திறந்துகொண்டிருந்த ஒருவரிடம் அவர் சின்ன உச்சிகளைக் காட்டி, "உது எங்கட ஆய்வுகூடத்தில கண்டுபிடிச்சது," என்று சொல்வதைக் கேட்டேன். நான் தலையைத் தூக்கி, "இல்ல சேர், நான் கண்டுபிடிச்சது," என்றேன். வந்தவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வெற்றிலைப் பையை மூடினார்.

ராத்தாவின் கடிதத்தை ரத்துச் செய்யக் கேட்டு மூன்று தடவை எழுதிவிட்டேன். மூன்றாவதை அனுப்புமுன் பொதியிடும் பிரிவுக்குப் போய் அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். பெட்டிகளுக்கு நாடா ஒட்டுவதை நிறுத்தாமல் ஒரு பக்கத்தை வாசித்தார்.

"இதில என்ட வேலைய ஒதவியாளர்ண்டு போட்டீக்கி. பதிமூணு வருஷமா ஓவனையும் உலையையும் பாத்தது நான்தாண்டு போடுங்க."

அங்கேயே நின்று திருத்தினேன். அவர் மறுபடி வாசித்தார், தாளைத் திருப்பித் தந்தார்.

"இப்ப அனுப்புங்க," என்றார். "அனுப்பிட்டு இந்தப் பக்கம் வராதீங்க."

அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. நான் அந்தப் பக்கம் போகவும் இல்லை.